கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு பைனாகுலர்: ட்ரௌட் ஓடையில் பென்டாக்ஸ் பாப்பிலியோ

ட்ரௌட் மீன் வாழும் ஓடைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பென்டாக்ஸ் பாப்பிலியோ, இரண்டாம் பதிப்பு, 6.5×21 (6.5 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 21 மில்லிமீட்டர்). பறவை பார்க்க மட்டும் போகிறவருக்கு இதை நான் முதலில் சொல்ல மாட்டேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று ஃபிளை என்ற செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் வீசுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை.

ஏன் என்று விளக்க, ஓடையில் பார்க்க என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓடைக்கரை விலங்குகள் என்றதும் பேச்சு கரடி, நீர்நாய், விரால் அடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவை) என்று பெரியவற்றில்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. கல்லடியில் ஊரும் இளம்பூச்சி இல்லாவிட்டால் ட்ரௌட் இல்லை. ட்ரௌட் இல்லாவிட்டால் மேலே வட்டமிடும் விரால் அடிப்பானுக்கு அங்கே வேலை இல்லை. நாம் நூலும் இறகும் வைத்துக் கட்டும் ஃபிளையே அந்தப் பூச்சியின் நகல்தானே. அசலை முகத்துக்கு நேராகப் பார்க்காமல், பெட்டியில் வரிசையாக இருக்கும் நகல்களில் எதை எடுப்பது என்று தவிப்பதில் என்ன அர்த்தம்? பாப்பிலியோவை நான் வாங்கியது பூச்சிக்காக. அப்புறம்தான் ஓடையின் மற்ற உயிர்களும் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

வழக்கமான 8×42 பைனாகுலர் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டாது. சில மாடல்களில் அந்த எல்லை மூன்று மீட்டருக்கும் மேல். பாப்பிலியோ அரை மீட்டர் வரை இறங்கி வருகிறது. அதாவது, நீட்டிய கையில் உட்கார்ந்திருக்கும் பூச்சி வரை. அரை மீட்டரில் இருப்பதை 6.5 மடங்கு பெரிதாக்கினால், கண்ணை அதற்கு எட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோன அளவுக்குத் தெரியும். அவ்வளவு அருகில் என் வயதுக்காரர்களின் வெறும் கண் எதையும் குவித்துப் பார்க்காது. பூதக்கண்ணாடி காட்டும்தான், ஆனால் பூதக்கண்ணாடியோடு முகத்தைக் கொண்டுபோனால் பூச்சி பறந்துவிடும்.

இதைச் செய்யும் விதம் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற பைனாகுலர்களில் முன் லென்ஸ்கள் இரண்டும் இடம் மாறாமல் இணையாகவே நிற்கும். அதனால் மிக அருகில் உள்ளதைப் பார்க்கும்போது இரண்டு கண்ணுக்கும் விழும் படங்கள் ஒன்று சேராமல் விலகிப் போகும். பாப்பிலியோவில் ஃபோகஸ் சக்கரத்தை அண்மைக்குத் திருப்பத் திருப்ப, முன் லென்ஸ்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கமாக நகர்கின்றன. அவை ஒரே அகலமான கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால், முன்னால் இருந்து பார்த்தால் அந்த நகர்வே தெரியும். எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தோள் வலிப்பதில்லை.

சரி, மேஃபிளைக்கு வருவோம். இந்தக் கருவிக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி இந்தப் பூச்சிக்கே போகும்.

மேஃபிளை தன் வாழ்நாளில் ஏறக்குறைய முழுவதையும் தண்ணீருக்கடியில் இளம்பூச்சியாகக் கழிக்கிறது. பல இனங்களில் மாதக்கணக்கு, சிலவற்றில் ஓராண்டுக்கும் மேல். பிறகு நீர்ப்பரப்புக்கு வந்து தோலுரித்துச் சிறகோடு எழுகிறது. இந்த முதல் சிறகு நிலையைத்தான் ஃபிளை ஃபிஷிங்காரர்கள் டன் என்கிறோம். அது பறந்து போய் ஏதாவது இலையடியில் ஒதுங்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள், மறுபடியும் தோலுரிக்கிறது. அப்படி வெளிவருவது ஸ்பின்னர். பறக்கும் சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இன்று உலகில் மேஃபிளை ஒன்றுதான். சிறகு வந்த பிறகு அது எதையும் தின்பதும் இல்லை; வாயுறுப்புகள் செயல்படாத அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும்.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள்தான். தெரிந்திருப்பது வேறு, பார்ப்பது வேறு. டன்னின் சிறகு மங்கலாக, புகை படிந்த நிறத்தில் இருக்கும். அதன் விளிம்பில் மிக நுண்ணிய மயிர்வரிசை ஒன்று ஓடும். ஸ்பின்னரின் சிறகில் அந்த மங்கல் போய்விடும், நரம்புகள் தனித்தனியாகத் தெரியும், வால் இழைகளும் நீண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டுமே சின்னஞ்சிறிய நிமிர்ந்த பாய்மரம்தான். பாப்பிலியோவில் அந்த மயிர்வரிசை எனக்குத் தெரிந்தது. பேட்டிஸ் என்ற மேஃபிளை வகையில் ஆணின் தலையைப் பார்த்தால் இன்னும் அதிசயம். பக்கவாட்டில் வழக்கமான கண்கள் இரண்டு, அவற்றுக்கு மேல் வானத்தைப் பார்த்தபடி இன்னும் இரண்டு பெரிய கண்கள். மேலே பறந்து போகும் பெண்ணைக் கூட்டத்துக்குள் கண்டுபிடிப்பதற்காக அமைந்தவை அவை.

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. தூண்டில் கோலில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. கூட வருவாள், கரையில் உட்கார்ந்து ஏதாவது வரைவாள். கரையோரச் செடியில் ஒரு டன் ஒதுங்கியிருந்ததைக் காட்டி, பைனாகுலரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

“சித்தி! இது முதுகுல கிழியுது!”

“அசையாம பாரு. நான் வர்றேன்.”

“வேண்டாம், நீங்க வந்தா நிழல் விழும். ஐயோ, கால்ல இருந்துகூடத் தோல் கழண்டு வருது சித்தி. வால்ல இருந்தும்.”

நான் தண்ணீரிலேயே நின்றுகொண்டேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன்: முதலில் மார்பு வெளியே வந்தது, பிறகு சிறகுகள், கடைசியில் வால் இழைகள். உதிர்ந்த தோல் இலையில் ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் பளபளவென்று ஒரு ஸ்பின்னர். அன்று அவள் வரைந்த படத்தில் சிறகு விளிம்பின் மயிர்கூட இருந்தது; பழைய தோலில் மட்டும். அதைச் சரியாக வரைய ஒரு குழந்தைக்கு உதவிய கருவியை நான் எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

மீன்பிடிப்புக்கும் இதனால் நேரடிப் பயன் உண்டு. ஹேட்ச், அதாவது பூச்சிகள் கூட்டமாக நீரிலிருந்து சிறகோடு எழுவது, நடக்கும்போது ட்ரௌட் மேலே வந்து எதையோ எடுக்கும். எதை என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் ஃபிளையை மாற்றி மாற்றி வீசுவதற்குப் பதில் நான் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பைனாகுலரை எடுக்கிறேன். மீனுக்கு மேல்நீரில் மிதந்து வரும் ஒரே ஒரு டன்னைப் பிடித்துக்கொண்டு, கண்ணை விலக்காமல் அதனுடனேயே கீழ்நோக்கி வருவேன். அது மீனின் தலைக்கு நேர் மேலே போகிறது, மீன் தொடவில்லை. அடுத்ததையும் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் முதுகுத் துடுப்பு மட்டும் எழுந்து அமிழ்கிறது. அப்படியென்றால் மீன் எடுப்பது மேலே நிற்கும் டன்னை அல்ல. நீர்த்தோலுக்கு அடியில் தோலுரிக்க முடியாமல் சிக்கிக் கிடக்கும் எமர்ஜரை. மூக்கு வெளியே வந்து, எடுத்த இடத்தில் ஒரு குமிழி நின்றால் கதை வேறு. அது பரப்பில் இருப்பதைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் காண 6.5 மடங்கு போதும். பத்து மீட்டர் தூரத்தில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் அகலமான காட்சி கிடைப்பதால் மிதக்கும் பூச்சியைத் தவறவிடாமல் தொடரவும் முடிகிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மீனுக்கு வெளியுலகம் தெரிவது அதன் தலைக்கு மேலே விரியும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள். அந்தக் கூம்பின் ஓரத்தில்தான் நாம் நிற்கிறோம். இரண்டு கையையும் சட்டென்று முகத்துக்குத் தூக்கினால் அது மீனுக்குப் பெரிய அசைவு. முழங்கையை மார்போடு ஒட்டி மெதுவாகத் தூக்குங்கள்.

ஓடையின் மற்ற பூச்சிகளான ஸ்டோன்ஃபிளையும் கேடிஸும் இந்த அளவுக்கு நேரம் கேட்பதில்லை. ஸ்டோன்ஃபிளையின் இளம்பூச்சி கல்லில் ஊர்ந்து ஏறித்தான் தோலுரிக்கும். ஓடை நடுவே இருக்கும் பாறைகளின் பக்கவாட்டில் காலியான தோல்கள் ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் குளிர்ந்தது, ஆக்சிஜன் நிறைந்தது என்று தைரியமாக நம்பலாம். நீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் ஒன்று அது. கேடிஸ் புழு தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டு இழையைக் கொண்டு மணலையும் சுள்ளியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். ஆழமில்லாத, சலனமில்லாத ஓரத்தில் அந்தக் கூட்டின் ஒவ்வொரு மணலும் பாப்பிலியோவில் தனித்தனியாகத் தெரிகிறது. வெயில் நீரில் பட்டுத் தெறித்தால் தெரியாது. பைனாகுலர் அந்தப் பளபளப்பையும் சேர்த்தே பெரிதாக்கும். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியைக் கழற்றாமல், கண் வைக்கும் ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

இனி டிப்பர். ட்ரௌட் ஓடையில் ஒரே ஒரு பறவையைப் பார்க்க எனக்கு அனுமதி என்றால் அதைத்தான் கேட்பேன். உலகில் டிப்பர் இனங்கள் ஐந்து: ஒன்று வட அமெரிக்காவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வரை, இரண்டு தென் அமெரிக்காவில், ஒன்று ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை, ஒன்று ஆசியாவில் மட்டும். குண்டாக, குட்டை வாலோடு, நீர் நடுவே ஒரு கல்லில் நின்று முழங்காலை மடித்து மடித்து எழும். பிறகு சும்மா நடந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். பாடும் பறவை வகையில் இப்படி நீருக்கடியில் போய் இரை தேடுவது இதுதான். அடியில் சிறகையே துடுப்பாக்கிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்துக் கற்களுக்கிடையே தேடும். மூக்குத் துளையை மூட அதற்கு மடல் உண்டு. கல்லில் நிற்கும்போது கண்ணில் வெள்ளையாக ஒரு மின்னல் அடிக்கும். கண்ணிமையில் வெள்ளைச் சிறு இறகுகள் இருப்பதால், இமைக்கும்போதெல்லாம் அது தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில் அந்த இமைப்பைப் பாப்பிலியோ தெளிவாகவே காட்டுகிறது.

ஆனால் நான் டிப்பரிடம் பார்ப்பது அதன் அலகில் என்ன இருக்கிறது என்பதைத்தான். குஞ்சு இருக்கும் காலத்தில் அது அலகு நிறையப் பூச்சியோடு ஒரு கல்லில் நின்று மூச்சு வாங்கும். கேடிஸ் புழுவாக இருந்தால் கூட்டோடு எடுத்து வந்து கல்லில் அடித்து உலுக்கிப் புழுவைப் பிரிக்கும். அன்று அந்த ஓடையின் அடியில் எது மலிந்து கிடக்கிறது என்பதை, கல்லைப் புரட்டாமலேயே, அங்கே பிறந்து வளர்ந்த ஒரு வேட்டைக்காரர் எனக்குக் காட்டிவிட்டுப் போகிறார். அதே பூச்சியின் நகலைக் கட்டி, டிப்பர் மூழ்கிய நீரோட்டத்துக்குக் கீழே, அதன் வழியில் குறுக்கிடாத தூரத்தில் விடுவேன். பலமுறை அது பலித்திருக்கிறது.

பூச்சியை நம்பி வாழ்வதால் டிப்பர் ஓடையின் நலத்தையும் சொல்லிவிடும். வேல்ஸில் அமில மழையாலும், நீர்ப்பிடிப்பில் நட்ட ஊசியிலைக் காடுகளாலும் அமிலமான ஓடைகளில் மேஃபிளையும் கேடிஸும் குறைந்தன, டிப்பரும் குறைந்தது. மீன் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் டிப்பர் இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்.

நாரையைப் பார்ப்பது சுலபம், பைனாகுலரே தேவையில்லை. நாரை நிற்கும் மடுவில் எனக்கு வேலை இல்லை என்று கடந்து போய்விடுவேன். மீன்கொத்தி பறக்கும்போது பாப்பிலியோவால் அதைப் பிடிக்க முடியாது, எந்தப் பைனாகுலராலும் சிரமம்தான். அது உட்காரும் கிளையைத் தெரிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் பலன் உண்டு. ஐரோப்பா, ஆசியாவின் சிறிய நீல மீன்கொத்தியில் பெண்ணின் கீழலகு சிவந்திருக்கும். வட அமெரிக்காவின் பட்டை மீன்கொத்தியில் பெண்ணுக்கு மட்டும் வயிற்றில் செம்பழுப்புப் பட்டை உண்டு, பறவைகளில் பெண் ஆணைவிட வண்ணமாக இருக்கும் அபூர்வங்களில் ஒன்று. விரால் அடிப்பான் உயரத்தில் இருக்கும்போது 6.5 மடங்கு போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நீரில் பாய்ந்து மீனோடு எழும்போதுதான் விருந்து. வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னே இரண்டு பின்னே இரண்டாக மீனைப் பிடித்து, தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டு போகும். அந்தத் திருப்பலை ஒருமுறை முழுசாகப் பார்த்தேன்.

இப்போது குறைகள். இரண்டு உண்டு, இரண்டும் ட்ரௌட் ஓடையில் முக்கியமானவை.

முதலாவது வெளிச்சம். 21 மில்லிமீட்டர் முன் லென்ஸை 6.5-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் சுமார் 3.2 மில்லிமீட்டர். பகலில் நம் கண்மணி அதைவிடச் சிறிதாக இருப்பதால் குறை எதுவும் தெரியாது. பொழுது சாயும்போது கண்மணி ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்கு விரியும்; பைனாகுலர் அதில் பாதி அகலத்துக்குத்தான் ஒளி தரும். ஓடையிலோ பாதி வாழ்க்கை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஸ்பின்னர்கள் முட்டையிட்டு நீரில் விழுவது, பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு வாலால் தண்ணீரை அறைந்து எச்சரிப்பது, டாபென்டன் வௌவால் நீர்ப்பரப்பை ஒட்டிப் பறந்து காலாலும் வால்சவ்வாலும் பூச்சியை அள்ளுவது, எல்லாம் மங்கலில். (அந்த நேரத்தில் பின்வீச்சில் ஃபிளை வௌவாலில் மாட்டக்கூடும். வௌவால்கள் நீர்மேல் இறங்கிவிட்டால் நான் வீசுவதை நிறுத்திவிடுகிறேன்.)

நீர்நாயும் அப்படித்தான். ஐரோப்பாவில் அது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் டைல்ட்ரின் மாதிரியான பூச்சிக்கொல்லிகளால் பெரும்பகுதி ஓடைகளிலிருந்து மறைந்து, அவை தடைசெய்யப்பட்ட பிறகு மெதுவாகத் திரும்பியது. 2011-க்குள் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் மறுபடி தடம் பதித்துவிட்டது. அந்திக்கருக்கலில் ஒரு தலை நீரைக் கிழித்து வருவதை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, அது நீர்நாயா, அதைவிடச் சிறிய மிங்க்கா என்று தீர்மானிக்கப் பாப்பிலியோவைத் தூக்கினால் கறுப்பாக ஒன்று நகர்வதுதான் தெரியும். அதற்கு 7×42 போன்ற ஒன்று வேண்டும். நீர்நாயும் பீவரும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்தக் கருவி வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

இரண்டாவது தண்ணீர். பாப்பிலியோ நீர்புகாத கருவி அல்ல. அப்படி விற்கப்படுவதும் இல்லை. நகரும் லென்ஸ் அமைப்பு இருக்கும் கருவியில் இதை எதிர்பார்க்க வேண்டும். ஆகவே அதைச் சுமக்கும் முறையை முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வாரைச் சுருக்கி, தாடைக்குக் கீழே உயரமாகத் தொங்கவிட வேண்டும். தாழத் தொங்கினால் கையில் சேர்த்து வைத்த லைன் சுருள் அதில் மாட்டும். வீசத் தொடங்குமுன் மார்புப்பைக்குள் போட வேண்டும். பைக்குள்ளே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று. தொடைக்கு மேல் ஆழம் கடக்க வேண்டியிருந்தால் உறைக்குள் மூடிய பிறகுதான் காலை எடுத்து வைப்பேன். மழையில் எடுக்கவே மாட்டேன். இத்தனை கவனம் முடியாது என்பவர்கள் நீர்புகாத 8×32 ஒன்றை வாங்கிக்கொண்டு, அரை மீட்டர் அதிசயத்தைத் துறக்க வேண்டியதுதான்.

பெரிய விலங்குகளுக்கு இது எப்படி? பாதுகாப்புக்குப் போதும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜமும் மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. அந்தத் தூரத்தில் மூஸ் மானின் காது பின்னோக்கி மடிந்திருக்கிறதா, கழுத்து மயிர் நிமிர்ந்திருக்கிறதா என்பது இதில் தெரியும். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் பின்வாங்க வேண்டும், கன்றோடு இருக்கும் தாய் என்றால் அதற்கும் முன்பே. வில்லோ புதர் அடர்ந்த வளைவில் திரும்புமுன் ஒருமுறை புதரை மேய்ந்து பார்த்துவிடுவது நல்ல பழக்கம். கரடி நடமாடும் ஆற்றில் மீன் மாட்டியிருக்கும்போது கரடி நெருங்கினால் நூலை அறுத்துவிட வேண்டும்; துள்ளும் மீனின் சத்தம் அதற்கு அழைப்பு.

கரடியைப் பற்றிப் பேசும்போது யெல்லோஸ்டோனின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. அங்கே யெல்லோஸ்டோன் ஏரியின் சொந்த மீன் கட்த்ரோட் ட்ரௌட். முட்டையிட அது சிறு ஓடைகளில் ஏறும், ஆழமில்லாத நீரில் நிற்கும். கரடி, நீர்நாய், விரால் அடிப்பான், கழுகு எல்லாம் அங்கே வந்து தின்னும். 1994-இல் அந்த ஏரியில் லேக் ட்ரௌட் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அது வெளியிலிருந்து வந்தது, கட்த்ரோட்டைத் தின்றது. அதுவோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து ஏரியிலேயே முட்டையிடும். எந்தக் கரடியின் கைக்கும் எட்டாது. கட்த்ரோட் சரிந்ததும் ஓடைகளில் கரடிகள் மீன் பிடிப்பது பெரிதும் குறைந்து, எல்க் மான் கன்றுகளை நாடுவது கூடியது. ஏரியில் விரால் அடிப்பான் கூடுகளும் குறைந்தன. ஒரு மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதில் இத்தனை உயிர்களின் சாப்பாடு அடங்கியிருக்கிறது. அந்த மீனும் குஞ்சாக இருந்தபோது பூச்சியைத்தான் தின்று வளர்ந்தது.

தென்கோளத்தில் ட்ரௌட் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ட்ரௌட்டே விருந்தாளி. 1864-இல் இங்கிலாந்திலிருந்து நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிக்கு நடுவே வந்த முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரிந்தன, பின்பு அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போயின. டாஸ்மேனிய ஓடையில் அந்தி நேரத்தில் விரியும் வட்ட அலை எல்லாம் மீன் அல்ல; சில பிளாட்டிபஸ் மூச்சுக்கு மேலே வந்தது. வீசுமுன் பார்த்துவிடுங்கள். நியூசிலாந்தில் டிப்பர் கிடையாது. வேகமான நீரில் பூச்சியைத் தேடும் வேலையை அங்கே நீல வாத்து செய்கிறது; மாவோரிப் பெயர் ஃபியோ, ஆணின் சீழ்க்கையிலிருந்து வந்தது. அதன் அலகு முனையில் மென்மையான மடல் உண்டு, கல்லைச் சுரண்டும்போது அலகு தேயாமல் இருக்க. அருகிவரும் பறவை அது, ஆகவே அது ஒதுங்க நினைக்கும் பக்கத்தை விட்டு விலகி நடப்பது நம் கடமை.

கடைசியாக, நான் எதிர்பாராத ஒரு பயன். மரத்தில் மாட்டி அறுந்த ஃபிளையும், அதைக் கட்டும் மெல்லிய நுனி நூலான டிப்பெட்டும் பெரும்பாலும் அங்கேயே விடப்படுகின்றன. நைலானோ ஃப்ளோரோகார்பனோ எளிதில் மக்காது. நீர்மேல் தொங்கும் கிளையில் ஒரு முழம் டிப்பெட்டும் முனையில் ஒரு கொக்கியும் இருந்தால், அதன் வழியாகப் பறக்கும் சிறு பறவைக்கும் வௌவாலுக்கும் அது கண்ணி. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஓடையை விட்டுக் கிளம்புமுன் நான் நின்ற இடங்களுக்கு மேலே உள்ள கிளைகளைப் பாப்பிலியோவால் ஒரு சுற்றுப் பார்க்கிறேன். என்னுடையதும் கிடைக்கும், மற்றவர்களுடையதும் கிடைக்கும். கோல் முனைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் கவட்டைக் கம்பு ஒன்றை வெட்டிக்கொள்கிறேன், காய்ந்ததாகப் பார்த்து.

இதிலேயே 8.5×21 என்று இன்னொன்றும் வருகிறது. அதுவும் அரை மீட்டர் வரை குவியும், பெரிதாகவும் காட்டும். ஆனால் காட்சி அகலம் குறைவு, ஒளிக்கற்றை இன்னும் மெலிசு, கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். தரையில் நின்று வண்ணத்துப்பூச்சி பார்ப்பவருக்கு அது சரி. நீரோட்டம் முழங்காலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் இடத்தில் நின்று மிதக்கும் டன்னைத் தொடர 6.5-ஐயே வாங்குங்கள்.